ஹிஸ்டரி டிகிரி எடுக்கப் போறீங்களா? என்கிட்ட அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு யார் வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துடுது. ஒரு கையில முறுக்குத் தட்டு, "உன் தங்கச்சி ஹிஸ்டரிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா, நீதான் அத படிச்சவளாச்சே, கொஞ்சம் பேசிப் பாரேன்"னு ஒரு சித்தி. நானும் இங்க சிங்கப்பூர்லதான் ஹிஸ்டரி மேஜர் பண்ணி ஹானர்ஸ் முடிச்சு வெளிய வந்தவ. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்ட வத்திப் போச்சு, அதான் கேட்ட கேள்விய எல்லாம் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். யூனிட் கணக்கு, பாடத்தோட பேரு இதெல்லாம் அப்பப்ப மாத்துவாங்க, அதனால நீங்க சேர்ற வருஷத்துக்கு என்ன போட்டிருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துக்கோங்க.

ஏ லெவல்ல ஹிஸ்டரி எடுக்கல. சேர முடியுமா?

தாராளமா. ஹெச்2 ஹிஸ்டரி எடுத்திருந்தாதான் ஆச்சுன்னு இல்ல. ஜேசியில (ஜூனியர் காலேஜ்) கெமிஸ்ட்ரி, மேத்ஸ்னு போனவங்க, பாலிடெக்னிக்ல டிப்ளோமா முடிச்சவங்கன்னு எங்க கிளாஸ்ல எல்லாரும் இருந்தாங்க. ஏற்கனவே ஹிஸ்டரி எடுத்தவங்களுக்கு முதல் செமஸ்டர்ல கட்டுரை எழுத கை கொஞ்சம் ஓடும், ரெண்டாவது வருஷத்துல யார் எடுத்தது யார் எடுக்கலன்னே தெரியாது.

யுனிவர்சிட்டில சேர ஏ லெவல் மார்க்க வெச்சு போடுற பாயிண்ட்ஸ் கணக்கு ஒண்ணு மாறியிருக்கு. 2026 சேர்க்கையில இருந்து 90க்கு இல்ல, 70க்குத்தான் கணக்கு. ஹெச்1 தமிழ் மார்க்க சேர்த்தா மொத்தம் ஏறும்னா மட்டும் சேர்த்துக்குவாங்க. அதனால "தமிழ் எழுதி மார்க் கொறஞ்சுட்டா?"ன்னு பயந்து விட்டுடாதீங்க. தமிழ விடாதீங்கன்னு சொல்றதுக்கு இத விட பெரிய காரணம் ஒண்ணு கீழ வருது.

ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை கிடைக்கும்? (இது அம்மாக்களோட கேள்வி)

ஆன்ட்டி, நேரா சொல்லிடுறேன். நர்சிங், அக்கவுண்டன்சி மாதிரி படிப்போட பேரே வேலையோட பேரா இருக்குற படிப்பு இல்ல இது. என்கூட முடிச்சவங்கள்ல டீச்சர் இருக்காங்க, மினிஸ்ட்ரில பாலிசி பாக்குறவங்க இருக்காங்க, மியூசியத்துல ஒருத்தி, பேங்க்ல ரெண்டு பேர், அப்புறமா சட்டம் படிக்கப் போனவர் ஒருத்தர். பேங்க்ல ஹிஸ்டரிக்காரங்களுக்கு என்ன வேலைன்னு நானும் கேட்டேன், ஒரு கம்பெனியப் பத்தி கத்த கத்தயா வர்ற பேப்பர படிச்சு எதுல பொய் இருக்கு, எதுல பாதி உண்மை இருக்குன்னு மூணு பக்கத்துல எழுதிக் கொடுக்கணுமாம், நாங்க நாலு வருஷம் வேற என்ன பண்ணோம்.

டீச்சர் ஆகணும்னா டிகிரி முடிச்சுட்டு என்.ஐ.இ.ல (தேசிய கல்விக் கழகம்) பி.ஜி.டி.இ.ங்கிற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு பண்ணணும். செகண்டரில பொதுவா ரெண்டு பாடம் எடுக்கச் சொல்வாங்க, அதனால ரெண்டாவது பாடம் என்னன்னு யுனிவர்சிட்டில முதல் வருஷத்துலயே யோசிச்சு வெச்சுக்கணும், மூணாவது வருஷத்துல யோசிச்சா அந்தப் பாடத்துல எடுக்க வேண்டியத எடுக்க எடம் இருக்காது.

மியூசியம் பக்கம் ஆசை இருந்தா டிகிரி முடியுற வரைக்கும் காத்திருக்க வேணாம். கேம்பல் லேன்ல 2015ல திறந்த இந்திய மரபுடைமை நிலையம் மாதிரி எடங்கள்ல தமிழ்ல விளக்கிச் சொல்ல ஆள் இருந்தா நல்லா இருக்கும்னு நினைப்பாங்க. லீவுல போய் நில்லுங்க. ஒரு சனிக்கிழமை, வந்திருக்குற பாட்டிக்கு ஒரு அரிவாள்மணையப் பத்தி நீங்க விளக்க ஆரம்பிச்சு, கடைசில பாட்டி உங்களுக்கு விளக்கிட்டுப் போவாங்க.

எந்த யுனிவர்சிட்டி நல்லது?

ஹிஸ்டரிய மேஜரா எடுக்க என்.யு.எஸ். (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்), என்.டி.யு. (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) ரெண்டுலயும் முடியும். ரெண்டோட பாடப் பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சு, உங்களுக்குப் பிடிச்ச வட்டாரத்துக்கும் காலத்துக்கும் எங்க ஆசிரியர் இருக்காங்கன்னு பாருங்க. பேரப் பாத்து முடிவு பண்றதையும், வீட்ல இருந்து எத்தன எம்.ஆர்.டி. ஸ்டேஷன்னு எண்ணி முடிவு பண்றதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஜூரோங்கோட மேற்குக் கோடில இருக்குற கேம்பஸுக்கு பாசிர் ரிஸ்ல இருந்து தினம் போறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

நாலு வருஷத்த எப்படி பிளான் பண்றது?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்.

என்.யு.எஸ்.ஸ வெச்சே சொல்றேன். 2021ல இருந்து கலையும் அறிவியலும் சேர்ந்து ஒரே காலேஜ். ஹானர்ஸ் டிகிரிக்கு மொத்தம் 160 யூனிட், ஒரு பாடம் பொதுவா 4 யூனிட், அப்ப செமஸ்டருக்கு அஞ்சு பாடம்னா எட்டு செமஸ்டர்ல முடியும். இதுல எல்லாருக்கும் பொதுவான பாடம் 13, அதாவது 52 யூனிட். மேஜருக்கு 60. மிச்சம் 48 உங்க இஷ்டம். பொதுப் பாடத்துல டேட்டா, கம்ப்யூட்டர், சயின்ஸ் எல்லாம் வரும், "கணக்கு வேணாம்னுதானே ஹிஸ்டரிக்கு வந்தேன்"னு அழுதா யாரும் கேக்க மாட்டாங்க. அழாம முதல் ரெண்டு வருஷத்துலயே முடிச்சுடுங்க.

எல்லாரும் முதல் வருஷத்துல இருந்து முன்னாடி பாத்து பிளான் பண்றாங்க. நான் சொல்றது, நாலாவது வருஷத்துல இருந்து பின்னாடி வாங்க. கடைசி வருஷத்துல நீங்களே ஆராய்ச்சி பண்ணி ஒரு தீசிஸோ பெரிய கட்டுரையோ எழுதணும். அதுக்கு மூல ஆவணம் வேணும். ஆவணம் ஏதோ ஒரு மொழில இருக்கும். அந்த மொழி உங்களுக்குத் தெரியாதுன்னா கத்துக்க நாலு செமஸ்டராவது ஆகும். அப்ப எப்ப ஆரம்பிக்கணும்? முதல் வருஷம், ரெண்டாவது செமஸ்டர். "உங்க இஷ்டம்"னு விட்ட 48 யூனிட் இருக்கே, அதுல பாதிய மொழிக்கு ஒதுக்குங்கங்கிறதுதான் என் கணக்கு.

நான் இப்படி பண்ணல. காலைல எட்டு மணி கிளாஸ் இல்லாத பாடம், பரீட்சை இல்லாத பாடம், சீனியர் "ஈஸி லா"ன்னு சொன்ன பாடம், இப்படியே பொறுக்கினேன். மெய்ஜி ஜப்பான் ஒண்ணு, ஐரோப்பா இடைக்காலம் ஒண்ணு, அமெரிக்கா பனிப்போர் ஒண்ணு. நாசி பாடாங் கடையில கண்ணு போன பக்கமெல்லாம் கை நீட்டி, கடைசில தட்டுல எது எதோட சேருதுன்னே தெரியாம நிக்கிற மாதிரி ஆயிடுச்சு. மூணாவது வருஷ முடிவுல தீசிஸ் பேச ஆசிரியரப் பாக்கப் போனேன். தலைப்பெல்லாம் ஆர்வமா சொல்லி முடிச்சதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஆவணத்த படிக்கப் போற?" நான் மேசையில இருந்த அவரோட கோப்பி கப்பையே பாத்துட்டு இருந்தேன்.

அதுக்காக முதல் வருஷத்துலயே தலைப்ப முடிவு பண்ணணும்னு அர்த்தம் இல்ல. முதல் வருஷம் சுத்திப் பாருங்க. ரெண்டாவது வருஷ முடிவுக்குள்ள ஒரு வட்டாரம், ஒரு காலம், இது ரெண்டும் தோராயமா கைக்கு வந்திருக்கணும். வரலாறு எப்படி எழுதுறாங்கன்னு சொல்லித் தர்ற முறையியல் பாடத்த தள்ளிப் போடாம ரெண்டாவது வருஷத்துலயே எடுத்துடுங்க, கொஞ்சம் காஞ்ச பாடம்தான், ஆனா அது இல்லாம மூணாவது வருஷம் போனா நீச்சல் தெரியாம குதிச்ச கதைதான்.

எந்த மொழிய எடுக்கலாம்? தமிழ் தெரிஞ்சா போதாதா?

இங்க கொஞ்சம் நின்னு பேசணும். என்.யு.எஸ். மொழி மையத்துல மலாய், இந்தோனேசிய மொழி, தாய், வியட்நாமிய மொழி, ஜப்பானிய மொழி, தமிழ் எல்லாம் சொல்லித் தர்றாங்க. தென்கிழக்காசியா பண்ணப் போறீங்கன்னா மலாய் எடுங்க, மறு பேச்சு இல்ல. மலாய அரபு எழுத்துல எழுதுற ஜாவி முறையும் கத்துக்கிட்டீங்கன்னா அந்தக் காலத்து மலாய்ப் பத்திரிகைகள் எல்லாம் உங்களுது.

தமிழுக்கு வரேன். நம்ம பிள்ளைங்க ஓ லெவல்ல தமிழ்ல ஏ1 வாங்கிட்டு அதோட கும்பிடு போட்டுடுறாங்க, நானும் அப்படித்தான். ஹானர்ஸ் வருஷத்துலதான் தெரிஞ்சுது, எங்க செமினார்ல தமிழ்ப் பத்திரிகைய படிக்கக் கூடிய ஒரே ஆள் நான்தான், அந்த ஒரே ஆளும் நத்தை மாதிரி எழுத்துக் கூட்டி படிச்சேன்.

கிட்ட இருந்து ஒண்ணு காட்றேன். சிங்கைநேசன்னு ஒரு பத்திரிகை, 1887ல இருந்து 1890 வரைக்கும் சி. கு. மகதூம் சாயபு இங்க நடத்துனது. அதோட ஒரு பக்கத்த திரையில திறக்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. முதல்ல எழுத்தே மிரட்டும். 'லை', 'னை' எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி மேல சுருட்டிக்கிட்டு நிக்கும், 'றா', 'னா' எல்லாம் நம்ம பாத்தே இராத வடிவம். பழைய அச்சுங்கிறதால கம்ப்யூட்டர்ல ஒரு சொல்லப் போட்டுத் தேடினா பாதி நேரம் ஒண்ணும் கிடைக்காது, தேதி தேதியா புரட்டுறதுதான் வழி. அடுத்து தேதி. பழைய தமிழ் ஏட்டுலயும் கல்வெட்டுலயும் சர்வசித்து வருஷம் ஆனி மாசம்னு மட்டும் போட்டிருப்பாங்க. அறுபது வருஷ வட்டத்துல பிரபவ முதல், சர்வசித்து 21வது. பிரபவ 1867ல வந்துச்சு, கூட 20 போட்டா 1887. ஆனா அதே சர்வசித்து 1827லயும் வந்திருக்கு, 1947லயும் வந்திருக்கு. வெறும் வருஷப் பேர வெச்சு எது எந்த சர்வசித்துன்னு தாளையும் உள்ள இருக்குற சேதியையும் பாத்து நீங்கதான் பிடிக்கணும். (சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் ஆரம்பிச்சதும் 1827தான். அறுபது வருஷம் கழிச்சு அதே பேர் உள்ள வருஷத்துல நம்ம பத்திரிகை வந்திருக்கு, இதுக்கெல்லாம் ஒரு அர்த்தமும் கிடையாது, எனக்குப் பிடிச்சிருக்கு அவ்வளவுதான்.) பாட்டி பஞ்சாங்கம் பாக்கும்போது பக்கத்துல உக்காந்து கேட்டது இதுக்கு உதவுச்சு. இத டூரியன் கடைக்காரர் மாதிரி கூவி விக்க எனக்கு ஆசையில்ல, ஆனா தமிழ், இங்கிலீஷ், மலாய் மூணும் படிக்கத் தெரிஞ்ச ஹிஸ்டரி மாணவங்க இந்த ஊர்ல ரொம்ப கம்மி.

ஹிஸ்டரின்னா சிங்கப்பூர் வரலாறு மட்டும்தானா? செகண்டரியிலயே போதும் போதும்னு ஆயிடுச்சு.

இல்லப்பா. சீனா, ஜப்பான், ஐரோப்பா, தெற்காசியா, கடல் வணிகம், மருத்துவ வரலாறுன்னு பரந்து கிடக்கு. ஆனா சிங்கப்பூர் போரடிக்குதுன்னு நீங்க நினைக்கிறது 1819ல ராஃபிள்ஸ் வந்தாருன்னு ஆரம்பிச்சதால. 1984ல ஃபோர்ட் கேனிங்ல தோண்டினப்ப 14ம் நூற்றாண்டுப் பொருளெல்லாம் மண்ணுக்குள்ள இருந்து வந்துச்சு. சிங்கப்பூர் ஆத்து முகத்துல இருந்த கல்வெட்டுப் பாறைய 1843ல வெடி வெச்சு உடைச்சாங்க, தப்பிச்ச ஒரு துண்டு தேசிய அரும்பொருளகத்துல இருக்கு, அந்த எழுத்த இன்னைக்கு வரைக்கும் யாரும் முழுசா படிச்சு முடிக்கல.

இன்னொண்ணு, நீரிணைக் குடியேற்றங்கள் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா சேர்ந்த பிரிட்டிஷ் பகுதி) 1867 ஏப்ரல் 1 வரைக்கும் இந்தியாவுல இருந்த பிரிட்டிஷ் நிர்வாகத்துக்குக் கீழதான் இருந்துச்சு. 1825ல சுமத்ராவுல இருக்குற பென்கூலன்ல இருந்து இந்தியக் கைதிகள இங்க கொண்டு வந்து ரோடு போட விட்டாங்க, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவங்க கை பட்டுதான் எழும்புச்சு. அதனால சிங்கப்பூர படிக்கணும்னாலே இந்தியப் பெருங்கடல் வரலாறு ஒரு பாடமாவது எடுக்க வேண்டி வரும்.

எஸ்.பி.கியூ. (சோர்ஸ் கொடுத்துக் கேக்குற கேள்வி) நல்லா எழுதுவேன். அது போதுமா?

சோர்ஸ் ஆறு கொடுத்து, "இத நம்பலாமா?"ன்னு கேட்டு, பதில ஒரு அச்சுல வார்த்து எழுதுறதுதானே அது. நல்ல பயிற்சிதான். யுனிவர்சிட்டில அந்த ஆறு சோர்ஸ உங்க கையில யாரும் கொடுக்க மாட்டாங்க, போய்த் தேடணும். கேள்வியும் மாறும்.

1915 பிப்ரவரி 15, சீனப் புத்தாண்டு ரெண்டாம் நாள், அலெக்ஸாண்ட்ரா முகாம்ல இருந்த அஞ்சாவது லைட் இன்ஃபன்ட்ரி சிப்பாய்கள் கலகம் பண்ணாங்க. அடக்குனதுக்கப்புறம் 47 பேருக்கு மரண தண்டனை, அவுட்ராம் ஜெயில் சுவருக்கு வெளிய, கூட்டம் பாக்கப் பாக்க சுட்டாங்க. ஏன் கலகம் வந்துச்சு? துருக்கிக்கு எதிரா சண்டைக்கு அனுப்பப் போறாங்கன்னு வதந்தி, அதிகாரிங்களுக்குள்ள சண்டை, இந்தியாவுல பிரிட்டிஷ் ஆட்சிய எதிர்த்த கதர் கட்சியோட பிரச்சாரம்னு பல காரணம் சொல்றாங்க. விசாரணை அறிக்கைல சிப்பாய்களோட வாக்குமூலம் இருக்கு. செகண்டரில "நம்பலாம், ஏன்னா நேர்ல இருந்தவர் சொல்றாரு"ன்னு எழுதுவோம். யுனிவர்சிட்டில கேக்குறது: இந்தச் சிப்பாய் இங்கிலீஷ்லயா பேசினாரு? மொழிபெயர்த்தது யாரு? துப்பாக்கிய நெனச்சுக்கிட்டே பேசுற மனுஷன் எத சொல்லாம விடுவாரு? கேள்வி கேட்ட அதிகாரிக்கு எந்தப் பதில் வசதி? எனக்கு இந்த ஒரு கட்டுரைக்கு மூணு வாரம் போச்சு, மார்க் பி ப்ளஸ்தான், ஆனா பேப்பர் படிக்கிற விதமே அதுக்கப்புறம் மாறிடுச்சு.

வாரத்துக்கு எவ்வளவு படிக்கணும்?

நிறைய. ஒரு பாடத்துக்கு வாரம் நூறு பக்கம்னு வெச்சாலும் அஞ்சு பாடத்துக்கு கூட்டிக்கோங்க. அதனால ஒரே செமஸ்டர்ல நாலு ஹிஸ்டரி பாடம் எடுக்காதீங்க, மூணோட நிறுத்திட்டு மிச்சத்துக்கு பொதுப் பாடம், மொழின்னு கலந்து போடுங்க. கோர்ஸ்ரெஜ் (பாடத்துக்குப் பதிவு பண்ற முறை) திறக்குறதுக்கு முன்னாடியே டைம்டேபிள போட்டுப் பாத்து, கடைசித் தேதியெல்லாம் ஒரே வாரத்துல வந்து இடிக்குதான்னு பாருங்க. பதிமூணு வார செமஸ்டர், லீவு வாரத்துக்கு அப்புறம் காத்து மாதிரி ஓடிடும்.

எக்ஸ்சேஞ்ச் போகலாமா?

போங்க, காசுக்கு வழியிருந்தா கண்டிப்பா போங்க. ஊர் சுத்துறத மட்டும் கணக்குப் பண்ணாம ஆவணத்தையும் கணக்குப் பண்ணுங்க. லண்டன் பக்கம் போனா, கியூல இருக்குற பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல சிஓ 273ன்னு ஒரு வரிசை, நீரிணைக் குடியேற்றங்கள்ல இருந்து போன கடிதமெல்லாம் அதுல. பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ஆவணம். மூணாவது வருஷம் ஒரு செமஸ்டர் போய், வார நாள்ல ரெண்டு நாள் அங்க உக்காந்து படம் எடுத்துட்டு வந்தீங்கன்னா தீசிஸ் பாதி முடிஞ்ச மாதிரி. பல்ல கடிச்சுக்கிட்டு விமான டிக்கெட் போட முடியாதவங்களும் கவலைப்படாதீங்க, கேனிங் ரைஸ்ல இருக்குற நம்ம தேசிய ஆவணக் காப்பகத்துல மைக்ரோஃபிலிமா நிறைய இருக்கு. சென்னைக்கு குடும்பத்தோட போறப்ப எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணில ரோஜா முத்தையா நூலகம் ரெண்டையும் கல்யாணத்துக்கும் தி.நகர் ஷாப்பிங்குக்கும் நடுவுல நுழைச்சுடலாம்.

டபுள் மேஜர் பண்ணா நல்லதா?

பொருளாதாரம், அரசியல், தெற்காசிய ஆய்வு, இதுல எதோட சேர்த்தாலும் நல்லாதான் இருக்கும். ஆனா ரெண்டாவது மேஜர் போட்டா அந்த இஷ்டப்பட்ட யூனிட் எல்லாம் கரைஞ்சுடும், மொழிக்கு எடம் இருக்காது. சித்தப்பா கேட்டா சொல்றதுக்காக ரெண்டாவது மேஜர் எடுக்காதீங்க. மைனர் போதும்.

இப்ப என்.எஸ்.ல (தேசிய சேவை) இருக்கேன். ரெண்டு வருஷம் என்ன பண்றது?

தம்பி, ஓய்வு கிடைச்சா தூங்கு. தூங்கி முடிச்சா வாரம் ஒரு பழைய தமிழ் முரசு இதழ் படி, கோ. சாரங்கபாணி 1935ல ஆரம்பிச்சது, தேசிய நூலக வாரியத்தோட பழைய நாளிதழ் தொகுப்புல இலவசமா இருக்கு. விளம்பரத்துல ஆரம்பி. தலையங்கத்த விட கப்பல் விளம்பரமும், துணிக்கடை விளம்பரமும், வேட்டி விலையும் நிறைய சொல்லும்.

ஏ.ஐ. இருக்கே, இன்னும் எதுக்கு இவ்வளவு கஷ்டம்?

என் தங்கச்சி ஒரு தடவை கேட்டுப் பாத்தா. அழகா ஒரு ஆவண எண், தேதி, கடிதம் எழுதினவர் பேரு எல்லாம் கொடுத்துச்சு. காப்பகத்துல போய்க் கேட்டா அப்படி ஒரு கோப்பே இல்ல. ஒரு மத்தியானம் வேஸ்ட். புத்தகச் சுருக்கம் புரிஞ்சுக்க வேணும்னா வெச்சுக்கோங்க, பாடத்துக்குப் பாடம் விதி வேற, கேட்டுட்டு பண்ணுங்க. அடிக்குறிப்பு மட்டும் உங்க கண்ணால பாத்தத போடுங்க.

எங்க தாத்தா கப்பல்ல வந்தவர். அவரப் பத்தி தீசிஸ் எழுத முடியுமா?

தாத்தா ஒருத்தர மட்டும் வெச்சு கஷ்டம், தாத்தா மாதிரி வந்தவங்கள வெச்சு எழுதலாம். நாகப்பட்டினத்துல ஏறி பினாங்கு வழியா ரஜுலா கப்பல்ல வந்தவங்க இன்னும் நம்ம வீடுகள்ல இருக்காங்க. 1979ல ஆரம்பிச்ச வாய்மொழி வரலாற்றுத் திட்டத்துல தமிழ்லயே பேசின பேட்டிகள் இருக்கு, அத முதல்ல கேளுங்க, எப்படி கேள்வி கேக்குறாங்கன்னு புரியும். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு தாத்தா?"ன்னு கேட்டா "நல்லாருந்துச்சு"ன்னு முடிச்சுடுவாரு. கப்பல்ல எந்தத் தட்டுல படுத்தீங்க, சோறு யார் ஆக்குனது, எறங்குனதும் கூட்டிட்டுப் போக யார் வந்தாங்க, முதல் மாசச் சம்பளத்துல ஊருக்கு எவ்வளவு அனுப்புனீங்கன்னு கேளுங்க. எங்க தாத்தாகிட்ட சோத்த பத்தி கேட்டதுக்கு நாப்பது நிமிஷம் பேசினாரு. போன்ல ரெக்கார்ட் பண்ணும்போது ஃபேன ஆஃப் பண்ணிடுங்க, நான் பண்ணல, பாதி பேட்டில காத்துச் சத்தம்தான். யுனிவர்சிட்டிக்காக பேட்டி எடுத்தா முன்கூட்டியே அனுமதி வாங்கணும், அதுக்குன்னு படிவம் இருக்கு, ஆசிரியர்கிட்ட கேளுங்க. அப்புறம் அலமாரில பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், மணியார்டர் ரசீது ஏதாவது இருந்தா ரெண்டு பக்கமும் படம் எடுத்துட்டு ஒரு காகித உறையில போட்டு வைங்க, பத்திரமா இருக்கட்டும்னு தேக்காவுக்குத் தூக்கிட்டுப் போய் லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க.